மெக்கானிக் ஐயா ஏறாத விமானம்

அந்த விரல்களை நான் முதலில் கவனித்தது எங்கள் அலுவலகத்துக் குழாயடியில்தான். வலது கைக் கட்டைவிரலில் சோப்பைப் போட்டு மெக்கானிக் ஐயா தேய்த்துக்கொண்டே இருந்தார். ரேகைகளுக்குள் இறங்கிப்போயிருந்த எஞ்சின் ஆயில் தண்ணீருக்கு அசைவதாக இல்லை. அகதிகளின் பதிவைப் புதுப்பிக்கக் கைரேகை வைக்க வேண்டும் என்று புதிதாக வந்திருந்த சிறிய இயந்திரம், அவர் விரலை வைத்தபோதெல்லாம் சிவப்பு விளக்கைக் காட்டியது. கேன்டீனிலிருந்து பிழிந்து போட்ட எலுமிச்சம்பழத் தோலை வாங்கிவந்து தேய்க்கச் சொன்னேன். தேய்த்தார். துண்டால் ஒற்றி, வாயால் ஊதி, மறுபடி வைத்தார். சிவப்பு. அன்றைக்குள் பதிவு ஏறாவிட்டால் கணினியில் அவர் பெயருக்கு எதிரே 'காலாவதி' என்று வந்துவிடும். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அவரோ நோயாளியைப் பார்ப்பதுபோல் இயந்திரத்தைக் குனிந்து பார்த்தார். "மெஷினில பிழை இல்லைப் பிள்ளை. இந்த விரலில ரேகை இருந்த காலத்தில ஆரும் கேட்கேல்ல" என்றார். கடைசியில் இடது கை மோதிர விரலுக்குப் பச்சை எரிந்தது. நான் நாற்காலியில் சாய்ந்து மூச்சு விட்டேன். அவர் எனக்கு நன்றி சொல்லிவிட்டு, இயந்திரத்தின் கண்ணாடியில் தன் விரல் பட்ட கறையைத் துண்டின் சுத்தமான முனையால் துடைத்துவிட்டுப் போனார்.

காரைக்கால் ஆட்சியர் அலுவலகத்தில், அகதிகளின் கோப்புகளைப் பார்க்கும் பிரிவில் நான் உதவியாளர். எங்கள் ஊரில் முகாம் கிடையாது. போர்க்காலத்தில் கடல் கடந்து வந்து, வாடகை வீடுகளில் தங்கி, காவல் நிலையத்தில் பதிந்துகொண்டு வாழ்கிற குடும்பங்கள்தான். அவர்களில் யாராவது வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் குடியேறப் போவதானால், இங்கிருந்து வெளியேற அரசின் அனுமதி வேண்டும். அதை 'எக்சிட்' என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுவார்கள். அந்த எக்சிட், அந்த நாட்டு விசா, மருத்துவப் பரிசோதனை, உதவி அமைப்பு எடுத்துத் தரும் விமான டிக்கெட், சென்னைக்கு வண்டி என எல்லாவற்றையும் ஒரே நாளில் கொண்டுவந்து சேர்ப்பது என் வேலை. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆயுள் உண்டு. ஒன்று வருவதற்குள் இன்னொன்று காலாவதியாகும். நாலு பர்னரிலும் பாலை வைத்துவிட்டு நடுவில் நிற்பது மாதிரி. வீட்டுக்கு வந்தாலும் அது இறங்காது. விழிதியூரில் எங்கள் வீட்டில் ராச்சாப்பாட்டுக்கு உட்காரும்போது கையில் போனை வைத்திருந்தால் என் கணவர், "உன் ஆளுங்கள்லாம் சாப்டாங்களாமா?" என்று கேட்பார். அவருக்கு வயலில் தண்ணீர் நிற்கும் கவலை. எனக்கு யாருடைய மருத்துவச் சான்று எந்த வாரத்தோடு முடிகிறது என்ற கவலை.

எங்கள் கண்காணிப்பாளர் என்னைவிடப் பெரிய பயந்தாங்கொள்ளி. ஓய்வு பெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்தவர். கோடையிலும் குடை கொண்டுவருவார். ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அதைத் திரும்ப வாங்கி வாசித்துப் பார்ப்பார். மேலிடத்துக்குப் போன கோப்பு புதுச்சேரிக்குப் போய்ச் சேர்ந்ததா என்று போன் செய்வார். சேர்ந்தது என்று சொன்னால், சொன்னவர் பெயரைக் கேட்டுக்கொள்வார். அவரைக் கேலி செய்யாதவர்கள் எங்கள் அலுவலகத்தில் இல்லை. காரைக்காலில் இருந்து தலைநகரத்துக்குப் போகும் தாள், இடையில் இன்னொரு மாநிலத்தைத் தாண்டித்தான் போகிறது. "நம்ம ஃபைலு பாதி வழி அடுத்தவன் ஊர்ல போவுதும்மா. பயப்படாம எப்படி இருக்குறது?" என்பார். சிரிப்பேன். உள்ளுக்குள் எனக்கும் அதே பயம்தான்.

மெக்கானிக் ஐயா யாழ்ப்பாணப் பக்கத்துக் கரையோர ஊர்க்காரர். மனைவியையும் கைக்குழந்தையாய் இருந்த மகனையும் கூட்டிக்கொண்டு படகில் வந்தவர். பட்டினச்சேரியில் வாடகைக்கு இருந்தார். மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் வழியில் ஒரு தகரக் கொட்டகையில் படகு எஞ்சின்களைப் பழுது பார்த்தார். அவருடைய மகள் காரைக்கால் அரசு ஆஸ்பத்திரியில் பிறந்து, இங்கேயே படித்து, எங்களைப் போலவே பேசியவள். அப்பாவிடம் பேசும்போது மட்டும் அவள் தமிழ் கொஞ்சம் கடல் தாண்டிவிடும். மருமகனும் அகதிக் குடும்பத்துப் பையன்தான். கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிக்கிறவன். ஐயாவின் மனைவி காலமாகிவிட்டார். மகன் எப்படியோ கனடா போய்ச் சேர்ந்து நிலைத்துவிட்டான். எப்படி என்று நான் கேட்டதில்லை. அவனும் அவனுக்குத் தெரிந்த சிலரும் அங்கே பொறுப்பேற்று, இந்த மூன்று பேரையும் கூப்பிட்டுக்கொள்ள மனுப் போட்டிருந்தார்கள்.

ஐயாவின் மேல் ஒரு வழக்கு இருந்தது. பக்கத்து மாவட்டக் கரையிலிருந்து அகதிகள் சிலர் ஒரு விசைப்படகில் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்ப இருந்தபோது பிடிபட்டார்கள். படகுக்குள் எஞ்சினைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஐயாவையும் சேர்த்துப் பிடித்தார்கள். கொஞ்ச காலம் சிறையில் இருந்து ஜாமீனில் வந்தார். "எஞ்சின் பழுது எண்டு கூப்பிட்டவை, போனனான். ஆர் போகினம், எங்க போகினம் எண்டு நான் கேட்கிறதில்லை" என்று ஒருமுறை சொன்னார். அது முழு உண்மையா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய இடத்தில் நான் இல்லை. வழக்கோ எங்கள் எல்லைக்கு வெளியே இருந்த நீதிமன்றத்தில் வாய்தாவுக்கு மேல் வாய்தாவாக ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் ஆட்சியரே நினைத்தாலும் அங்கே ஒரு வார்த்தை சொல்ல முடியாது.

ஆவணியில் மூன்று பேருக்கும் விசா வந்தது. எக்சிட் இரண்டு பேருக்குத்தான் வந்தது. ஐயாவின் பெயருக்கு நேராக, வழக்கு நிலுவையில் இருப்பதால் பரிசீலிக்க இயலவில்லை என்று ஒரு வரி. அந்த வரியை நான் அவருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் தலையை ஆட்டினார். மகள் உடனே, "அப்பா இல்லாம நாங்க போகல. அடுத்த வாய்தாவுல முடிஞ்சுடும்னு வக்கீல் சொல்லியிருக்காரு. காத்திருக்கோம்" என்றாள். ஐப்பசியில் அந்த வாய்தா. விசாவுக்கு அதற்குமேல் கொஞ்ச காலம்தான் ஆயுள். கண்காணிப்பாளர் யோசித்தார். காத்திருப்பதுதான் நல்லது என்று அவரும் சொன்னார். குடும்பத்தைப் பிரித்து அனுப்பிவிட்டு, பின்னால் ஒரு ஆளுக்காகத் தனியாக அலைவது எவ்வளவு பாடு என்று அவருக்குத் தெரியும்.

மழை பிடிக்கத் தொடங்கியிருந்த ஒரு மத்தியானம், மகள் மட்டும் அலுவலகத்துக்கு வந்தாள். சாப்பாட்டு நேரம். நான் டிபன் பாக்ஸைத் திறந்ததும் அவள் முகம் சுளித்து வாசலுக்குப் போய்விட்டாள். திரும்பி வந்தவளிடம் தண்ணீர் கொடுத்தேன். துப்பட்டாவை இழுத்து விரித்துப் போட்டிருந்த விதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

"எத்தன மாசம்?"

"அஞ்சு, அக்கா." அவள் அழவில்லை. பயந்திருந்தாள். "மெடிக்கல் எடுத்தப்ப இல்ல. அப்பறம்தான். அப்பாட்ட சொல்லாதீங்க. தெரிஞ்சா எங்கள மட்டும் அனுப்பி வச்சுருவாரு."

அவள் கேட்க வந்தது ஒரே கேள்வி. குழந்தை இங்கே பிறந்துவிட்டால் என்ன ஆகும்? எனக்குப் பதில் தெரியும். குழந்தை பிறந்தால் அதற்குப் பிறப்புச் சான்று வாங்க வேண்டும். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்னும் மேரி என்று சொல்லும் நகராட்சி அலுவலகத்தில் அது சுலபமாகக் கிடைத்துவிடும். அதற்குப் பிறகு அந்தப் பச்சைக் குழந்தையின் பெயரில் விசா மனு, எல்லோருக்கும் மறுபடி மருத்துவப் பரிசோதனை, மறுபடி எக்சிட், மறுபடி காத்திருப்பு. இப்போது கையில் இருக்கும் விசாக்கள் அத்தனையும் செத்துவிடும். அடுத்த தடவை கிடைக்கும் என்று யாரும் எழுதித் தரமாட்டார்கள். ஏழாம் மாதம் தாண்டிவிட்டால் விமானத்திலும் ஏற்ற மறுப்பார்கள். அவளிடம் சுருக்கமாகச் சொன்னேன். அவள் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, வெளியே சொட்டிக்கொண்டிருந்த மழையைப் பார்த்தாள். "அப்பாவ இங்க தனியா விட்டுட்டுப் போயி நான் என்னக்கா செய்யப் போறேன்" என்றாள்.

அவள் போன பிறகு கண்காணிப்பாளரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு, விமானத்தில் ஏற எந்த மாதம் வரை டாக்டர் கடிதம் செல்லும் என்று விசாரிக்கச் சொன்னார். "அவங்கப்பாகிட்ட நம்ம சொல்லக்கூடாதும்மா. அது அந்தப் பொண்ணு சொல்ல வேண்டியது. நம்ம டிக்கெட்ட மட்டும் ரெடியா வச்சுக்குவோம்" என்றார். அன்றிலிருந்து வாய்தா நாள் வரை எங்கள் இருவருக்கும் சரியான தூக்கமில்லை. காலையில் வாசல் தெளிக்கும்போதுகூட மனதுக்குள் அந்தப் பெண்ணின் மாதக் கணக்கு ஓடும்.

வாய்தா அன்று மாலையே வக்கீலிடமிருந்து கண்காணிப்பாளருக்குப் போன் வந்தது. அரசுத் தரப்புச் சாட்சி வரவில்லை. வழக்கைத் தை மாதத்துக்குத் தள்ளிவைத்துவிட்டார்கள். எங்களுக்குத் தெரிந்துவிட்டது. அதற்கு முந்தைய நாள் மருமகன் தாங்க முடியாமல் ஐயாவிடம் கர்ப்பத்தைச் சொல்லியிருந்தான் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியாது.

மறுநாள் காலை ஐயா வந்தார். கையில் ஒரு அல்வாப் பொட்டலம். பின்னால் மகளும் மருமகனும். என் மேசையில் பொட்டலத்தைப் பிரித்து வைத்தார். "கேஸ் முடிஞ்சுது பிள்ளை. தள்ளுபடி செய்துபோட்டினம். எழுத்தில வர ரெண்டு மூண்டு கிழமை எடுக்குமாம். இவை ரெண்டு பேரும் முதல்ல போகட்டும். நான் பின்னால வாறன் எண்டு சொல்லிப்போட்டன்" என்றார். என்னைப் பார்க்காமல் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். வாழை இலைத் துண்டில் இருந்த அல்வாவை விரலால் சமப்படுத்திக்கொண்டே இருந்தார். பக்கத்து மேசையில் கண்காணிப்பாளர் எழுந்து, குடையை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டார். அப்போது மழை பெய்யவில்லை.

மகள் அப்பாவை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "அக்கா, நீங்க சொல்லுங்க. அப்பா சொல்றது நெசமா?"

என் உத்தியோகத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ கேள்விகள் கேட்டிருக்கிறார்கள். தெரியாது என்று சொல்லியிருக்கிறேன், மேலே கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன், நாளைக்கு வாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். இந்தக் கேள்விக்கு அவை எதுவும் செல்லாது. ஐயா இப்போதும் நிமிரவில்லை. ஆமாம் என்றால் ஒரு பெண்ணை ஏமாற்றி அனுப்புகிறேன். இல்லை என்றால், பிறக்கப்போகும் குழந்தையோடு சேர்த்து மூன்று பேரை இன்னும் எத்தனை வருடத்துக்கோ இங்கே கட்டிப்போடுகிறேன். என்னிடம் இருந்ததில் உண்மையானது எது என்று தேடினேன்.

"அப்பாவோட ஃபைலு என் டேபிள்ல இருக்கு. அவரு பிளேன் ஏறுற வரைக்கும் அத நான் மூட மாட்டேன். நீ கெளம்பு" என்றேன்.

அவள் என் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு அல்வாவில் ஒரு துண்டைக் கிள்ளி அப்பாவின் வாயருகே கொண்டுபோனாள். "சாப்பிடுங்கப்பா. நேத்துலேருந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டீங்க" என்றாள். அவர் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார். மென்று விழுங்க அவருக்கு நிறைய நேரம் பிடித்தது.

கார்த்திகையில் டிக்கெட் கிடைத்தது. கிளம்பும் நாளுக்கு முன்பே வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு. கரையோரம் முழுக்கக் கொட்டித் தீர்த்தது. எக்சிட் அந்த வாரத்தோடு முடிகிறது. விசாவுக்கும் அதற்குமேல் ஆயுள் இல்லை. போகாமல் இருக்க வழியில்லை. விடியும்போதே வாடகை வேனில் ஏறினோம். மகள், மருமகன், ஐயா, நான். உடன்போகும் வேலை எனக்கு. வழியனுப்ப ஐயா. எங்கள் எல்லையில் இருக்கும் பூவம் தாண்டும்போதே கண்காணிப்பாளரிடமிருந்து முதல் போன். "தாண்டியாச்சா?" தரங்கம்பாடியில் இரண்டாவது. அதற்குப் பிறகு நான் எண்ணவில்லை. கண்ணாடியில் தண்ணீர் அடித்து ஊற்றியது. இரு பக்கமும் நடவு செய்த வயல்கள் குளமாகக் கிடந்தன. எங்கள் வயலும் இப்படித்தான் கிடக்கும் என்று ஒரு நொடி தோன்றியது, அந்த நினைப்பைத் தள்ளிவிட்டேன்.

சீர்காழிக்கு முன்னால் சாலை தெரியவில்லை. தண்ணீர்தான் தெரிந்தது. முன்னால் போன பஸ்ஸின் தடத்தைப் பிடித்துக்கொண்டு டிரைவர் மெல்ல இறங்கினார். எதிரே வந்த லாரி ஒன்று அலையை எழுப்பி எங்கள் மேல் அடித்தது. வேன் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுபோனது. டிரைவர் பதறிச் சாவியைத் திருகப் போனார். "தொடாதேங்கோ தம்பி. இப்ப ஸ்டார்ட் பண்ணினால் எஞ்சினுக்குள்ள தண்ணி போயிரும்" என்று ஐயா பின்னாலிருந்து சொன்னார். சொல்லிக்கொண்டே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். முழங்காலுக்கு மேல் தண்ணீர். மருமகனும் டிரைவரும் இறங்கி வண்டியை மேட்டுக்குத் தள்ளினார்கள்.

முன்பக்கத்து மூடியைத் திறந்து அவர் வேலை செய்ததை நான் உள்ளே இருந்து பார்த்தேன். அவர் தலைக்கு மேல் டிரைவர் ஒரு தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். காற்று உள்ளே போகும் வடிகட்டியைக் கழற்றிச் சேறும் தண்ணீரும் உதறினார். துண்டால் துடைத்தார். கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தார். அவசரப்படவில்லை. மகள் ஜன்னலில் நெற்றியை வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். போனில் கண்காணிப்பாளர் குரல்: "எங்க இருக்கீங்கம்மா?" வண்டி நின்றுவிட்டது என்று அவரிடம் சொல்ல எனக்குத் துணிவில்லை. சீர்காழிக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம் என்றேன். அதில் பொய் எதுவுமில்லை. விமானத்தை விட்டால் அந்தப் பெண் மறுபடி கிளம்பமாட்டாள் என்று எனக்குத் தெரியும். ஐயாவுக்கும் தெரிந்திருக்கும். அந்த வேன் அங்கேயே கெட்டுப்போயிருந்தால் மகள் அவரோடுதான் இருப்பாள். அந்த எண்ணம் அந்த மழையில் அவருக்கு ஒரு தடவையாவது வந்திருக்குமா என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன்.

"இப்ப போடுங்கோ" என்றார். எஞ்சின் பிடித்துக்கொண்டது.

சென்னையில் விமான நிலையத்து வாசலில் இறங்கும்போது அவர் சட்டையெல்லாம் சேறும் கறுப்புமாக இருந்தது. மகள் கட்டிப்பிடிக்க வந்தபோது, புதுச்சுடிதார் கெட்டுவிடும் என்று இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார். அவள் விடவில்லை. உள்ளே விமான நிறுவனத்து கவுன்டரில் டாக்டர் கடிதத்தை மூன்று பேர் மாற்றி மாற்றி வாசித்தார்கள். ஒருவர் எங்கேயோ போன் செய்தார். கடைசியில் அடையாள அட்டையைக் காட்டி, எங்கள் அலுவலக அனுமதியையும் எடுத்துவைத்துப் பேசினேன். விட்டார்கள். ஐயா கண்ணாடிக்கு வெளியே நின்றார். அவர்கள் வளைவில் திரும்பி மறைந்த பிறகும் நின்றார். நான் போய்த் தோளைத் தொட்டபோது, "டாக்குத்தர் கடிதத்தைத் திருப்பித் தந்தவையோ? அங்கயும் கேட்பினம்" என்றார். தந்துவிட்டார்கள் என்றேன். திரும்பும் வழியெல்லாம் அவர் வேறொன்றும் பேசவில்லை. பூவம் தாண்டி எங்கள் எல்லைக்குள் வந்ததும் டிரைவர் தோளைத் தட்டி, அந்த வடிகட்டியை நாளைக்கே மாற்றிவிடச் சொன்னார்.

தை வாய்தாவும் தள்ளிப்போனது. மாசியில் பேத்தி பிறந்தாள். மகள் அங்கிருந்து என்னை அழைத்தாள். அப்பாவின் வழக்கு முடியவில்லை என்று அவளுக்குத் தெரிந்தே இருந்தது. அதை அவள் கோபமாகச் சொல்லவில்லை. "அன்னைக்கே தெரியும்க்கா. நீங்க ஆமான்னு சொல்லியிருந்தீங்கன்னா நான் கெளம்பியிருக்கவே மாட்டேன். ரெண்டு பேரும் சேந்து ஏமாத்துறாங்கன்னு வீட்டுக்குப் போயிருப்பேன். நீங்க சொல்லல. அப்ப அப்பாவுக்குன்னு ஒரு ஆளு இருக்குன்னு நெனச்சுக்கிட்டேன்" என்றாள். போனை வைத்தேன். அந்த ஆள் நான்தான் என்பது அப்போதுதான் முழுப் பாரமாக என் மேல் இறங்கியது.

அதற்குப் பிறகு வந்த வருடங்களை நான் வாய்தாக்களால்தான் நினைவு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஐயா முதல் பஸ்ஸில் போவார். திரும்பும்போது அலுவலகத்துக்கு வந்து வாசலில் நின்று கையை விரித்துக் காட்டுவார். பேசவே வேண்டியதில்லை. நீதிபதி மாறினார். சாட்சி ஒருவர் ஊரைவிட்டுப் போயிருந்தார். நான் விடுமுறை எடுக்கப் பயந்தேன். எனக்குப் பதில் உட்காரும் ஆள் அந்தக் கோப்பைக் கட்டி அலமாரியில் ஏற்றிவிட்டால்? பதவி உயர்வோடு வேறு பிரிவு வந்தபோது, கொஞ்ச காலம் இங்கேயே இருக்கிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். என் கணவருக்கு அதில் வருத்தம்தான். காரணத்தைச் சொன்னேன். ஒப்புக்கொண்டார். கண்காணிப்பாளர் ஓய்வுபெற்ற பிறகும் குடையோடு வருவார். மற்றவர்களிடம் குசலம் விசாரித்துவிட்டு, கடைசியாக என் மேசைக்கு வந்து, "அது எங்கம்மா இருக்கு?" என்பார். எது என்று நான் கேட்டதில்லை.

ஐயாவுக்கு வயது கூடியது. ஒரு காது கேட்காமல் போனது. எஞ்சினின் சத்தத்தில் கோளாறு கண்டுபிடிப்பவருக்கு அது பெரிய இழப்பு. கொட்டகையைப் பாதி நாள் பூட்டியே வைத்திருந்தார். ஒரு வாரம் அவர் வரவில்லை என்றால் நான் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பட்டினச்சேரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். போனில் பேத்தியின் முகத்தைக் காட்டுவார். அவள் ஒவ்வொரு தடவையும் எப்போது வருவீர்கள் என்று கேட்பாளாம். "அடுத்த கிழமை எண்டு சொல்லுறன். கிழமை எண்டால் என்னவெண்டு அவளுக்கு இன்னும் விளங்காது. அதால தப்பினன்" என்றார். அந்தப் பிள்ளைக்கு வாரக்கணக்கு விளங்கிவிடுவதற்குள் இது முடிந்துவிட வேண்டுமே என்பதே எனக்கு ஒரு புதுக் கவலையாகிவிட்டது.

ஒரு பங்குனி மாதம், வெயில் ஏறிய நேரம், ஐயா அலுவலக வாசலில் வந்து நின்றார். கையை விரிக்கவில்லை. நேராக உள்ளே வந்து, எனக்கு எதிரே இருந்த நாற்காலியில் கேட்காமல் உட்கார்ந்தார். அதற்கு முன் அவர் ஒருநாளும் அப்படி உட்கார்ந்ததில்லை. "விட்டுட்டினம் பிள்ளை" என்றார். நான் நம்பவில்லை. வக்கீலுக்குப் போன் செய்தேன். உண்மைதான். குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை என்று விடுதலை. தீர்ப்பு நகல் கைக்கு வரும்வரை நான் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு மறுபடி எல்லாம் முதலிலிருந்து: மகனின் மனு, மருத்துவப் பரிசோதனை, விசா. காது கேட்காததை வைத்து ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்று பயந்தேன். சொல்லவில்லை. எக்சிட் வந்த அன்று மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். பக்கத்து மேசைப் பெண் உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டாள்.

அவர் கிளம்பியது அடுத்த வருடக் கத்திரி வெயிலில். ஓய்வுபெற்ற கண்காணிப்பாளரும் வண்டியில் வந்தார். வேலையில் இருந்தவரை எங்கள் எல்லையைத் தாண்டி யாரையும் வழியனுப்ப வராதவர் அவர். விமான நிலையத்து வாசலில் இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஐயா என்னிடம் வந்து, "போட்டு வாறன்" என்றார். இங்கிருந்து போகிற எல்லோரும் சொல்லும் சொல்தான். வரப்போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். பத்திரமாகப் போங்க ஐயா என்றேன். கேட்காத காதுப் பக்கம் நின்று சொல்லிவிட்டேன் என்று அவர் உள்ளே போன பிறகுதான் உறைத்தது.

வழியில் விமானம் மாற வேண்டும். ஆங்கிலம் தெரியாது, ஒரு காது கேட்காது. அறிவிப்பு வந்தால் என்ன செய்வார்? சட்டைப் பையில் ஒரு சீட்டு எழுதி வைத்திருந்தேன். அதை எடுத்துக் காட்ட மறந்துவிட்டால்? மறுநாள் முழுக்க அலுவலகத்தில் போனை மேசையின் நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வர வேண்டிய நேரத்துக்குச் செய்தி வரவில்லை. கண்காணிப்பாளர் வீட்டிலிருந்து இரண்டு முறை கூப்பிட்டார். என் எதிரே இன்னொரு குடும்பம், அவர்களுடைய விசா முடிகிற தேதியைச் சொல்லிக்கொண்டிருந்தது. எழுதிக்கொண்டேன். என்ன எழுதினேன் என்று தெரியாது.

மகள் அழைத்தாள். அழுதாளா சிரித்தாளா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. வந்துவிட்டார், பெட்டி வரத் தாமதம், அவ்வளவுதான் என்றாள். பேத்தி அவரைப் பார்த்ததும் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டாளாம். போனில் பார்த்த அம்மப்பா இவ்வளவு உயரமாய் இருப்பார் என்று அவள் நினைக்கவில்லை. அவர் முழங்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார். அவள் மெல்ல வெளியே வந்து, கணக்குக் கேட்கிற மாதிரி, "ஏன் இவ்வளவு லேட்?" என்றிருக்கிறாள்.

"அப்பா என்னக்கா சொன்னாரு தெரியுமா? 'வழியெல்லாம் சரியான மழை, குஞ்சு' அப்படின்னாரு."

அந்த வாரம் முழுக்கக் காரைக்காலில் ஒரு பொட்டு மழை இல்லை. ஜன்னலுக்கு வெளியே ஆட்சியர் அலுவலக மைதானத்தில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. நான் ஆமாம், சரியான மழை என்றேன்.